பியானோ இருக்குற ட்ரையோவா, இல்லாத ட்ரையோவா?

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் மாமாக் கடையில உக்காந்திருக்கும்போது மச்சான் கேட்டான், "ஜேஸ் மியூசிக் ஜேஸ் மியூசிக்னு உயிர எடுக்குறியே, புதுசா வந்ததுல ஒன்னே ஒன்னு வாங்கணும்னா எத வாங்கறது?" தே தாரிக் ஆறிப்போச்சு, பதில் வரல. மண்டையில ரெண்டு ஆல்பம் மல்லுக்கு நிக்குது, ரெண்டுமே மூனே பேர் வாசிக்கிற ட்ரையோ. ஒன்னு விஜய் ஐயரோட 'கம்பேஷன்', 2024ல ஈசிஎம் லேபிள் போட்டது. இன்னொன்னு லிண்டா மே ஹான் ஓவோட 'ஸ்ட்ரேஞ்ச் ஹெவன்ஸ்', 2025, பயோஃபிலியா லேபிள்.

இந்த ரெண்ட மட்டும் ஏன் மோத விடுறேன்னா, ரெண்டுலயும் பேஸ், அதான் அடிச்சுரம் போடுற பெரிய கம்பி வாத்தியம், லிண்டாதான், ட்ரம்ஸ் டைஷான் சோரிதான். மூனாவது ஆள் மட்டும் வேற, அங்க விஜய் ஐயரோட பியானோ, இங்க ஆம்ப்ரோஸ் அகின்முசிரியோட ட்ரம்பெட். அதே சம்பல், சோறு மட்டும் வேற. அதுலயும் விஜய் ஐயர் அமெரிக்காவுல பொறந்த தமிழ்க் குடும்பத்துப் புள்ள, லிண்டா நம்ம மலேசியாவுல பொறந்து பெர்த்துல வளந்தவங்க, அதனால எந்தப் பக்கம் சாஞ்சாலும் சொந்தக்காரங்கதான்.

'கம்பேஷன்' மொதல்ல கேட்டது கார்ல. ஃபெடரல் ஹைவேல மழை, ஜேம், வைப்பர் ஒரு பக்கம் தாளம் போடுது. ஸ்டீவி வொண்டரோட 'ஓவர்ஜாய்ட்' வந்துச்சு, தெரிஞ்ச மெட்டுதானேன்னு நானும் ஸ்டியரிங்ல தட்ட ஆரம்பிச்சேன், நாலு வரி தாண்டுறதுக்குள்ள எண்ணிக்கை கைய விட்டுப் போயிடுச்சு, மெட்டு என்னமோ அப்படியே அழகா போய்க்கிட்டே இருக்கு. ஜேஸ்க்குப் புதுசா வர்றவங்களுக்கு இதுதான் நல்ல வாசப்படி, பிடிச்சிக்க ஒரு மெட்டு இருக்கு, பியானோ கைய பிடிச்சி கூட்டிட்டுப் போகும். ஆனா அன்னிக்கு கார்ல பேஸ் எனக்கு கேக்கவே இல்ல, ஏர்கோன் சத்தமும் மழையும் முழுங்கிடுச்சு, அப்பவும் பாட்டு கொறையா தெரியல. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் மாட்டுனப்புறம்தான் அடியில இந்தப் பொண்ணு இவ்ளோ வேலை பண்ணியிருக்கான்னு புரிஞ்சுது.

'ஸ்ட்ரேஞ்ச் ஹெவன்ஸ்'ல அந்த வசதியெல்லாம் கெடையாது. பல சுரத்த ஒன்னா சேத்து கார்டு போட பியானோவும் இல்ல, கிட்டாரும் இல்ல. ட்ரம்பெட் ஒரு சுரத்த நீட்டுனா அது சிரிப்பா அழுகையான்னு முடிவு பண்றதே கீழ பேஸ் எந்த சுரத்துல போய் நிக்குதுங்கறதுதான். பேஸ கழட்டிட்டா வீடே இடிஞ்சிடும். அகின்முசிரி ஊதுறப்ப பல இடத்துல சுரத்துக்கு முன்னாடி வெறும் மூச்சு வருது, அந்த மூச்சுக்கும் சுரத்துக்கும் நடுவுல லிண்டா ஒரே ஒரு கம்பிய இழுத்து விட்டுட்டு சும்மா இருக்காங்க பாருங்க, அத நான் ரெண்டு மூனு தடவ பின்னாடி போட்டுக் கேட்டேன். எங்கம்மா ஹாலுக்கு வந்து, "என்னடா, இன்னும் ஆரம்பிக்கலயா?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். லிண்டா 2009ல போட்ட மொத ஆல்பம் 'என்ட்ரி'யும் இதே பேஸ், ட்ரம்ஸ், ட்ரம்பெட் கூட்டுதான், ட்ரம்பெட்டுக்கு அப்பவும் அகின்முசிரிதான், அதனால இவங்க ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குத் தெரியும்.

சோரி பத்தியும் சொல்லணும். 2024ல இசைக்கு புலிட்சர் பரிசு வாங்குன மனுசன், அதுவும் ட்ரம்ஸ்க்கு இல்ல, எழுதுன இசைக்கு. 'கம்பேஷன்'ல தள்ளிக்கிட்டே ஓடுறாரு, இதுல பாதி நேரம் அடிக்காம அடிக்கிறாரு.

நடுவுல வேற எதுவும் இல்லயான்னு கேட்டா, சாக்ஸஃபோன் வாசிக்கிற சார்ல்ஸ் லாய்ட் 2024ல தன்னோட 86வது பொறந்தநாள் அன்னிக்கே ஒரு டபுள் ஆல்பம் போட்டாரு, அருமை, ஆனா ஒரே மூச்சுல கேக்க நமக்கு நேரம் எங்க. இன்னொரு சாக்ஸஃபோன்காரர் ஷபாக்கா, சாக்ஸ தூக்கி ஓரமா வச்சிட்டு புல்லாங்குழல் எடுத்துப் போட்ட ஆல்பம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல சரிப்படும், பகல்ல எங்க ஃப்ளாட்டுக்குக் கீழ போற மோட்டார் சத்தத்துல காணாம போயிடுது.

மச்சான், நீ 'ஸ்ட்ரேஞ்ச் ஹெவன்ஸ்' வாங்கு. ஒன்னு தெரிஞ்சிக்க, பயோஃபிலியாக்காரங்க பழக்கமே சிடி இல்லாம மடிச்சி மடிச்சி வச்ச பேப்பர் அட்டையும் டவுன்லோட் கோடும் குடுக்கறதுதான், வாங்கிட்டு ப்ளேயர்ல எங்க போடறதுன்னு எனக்கு போன் பண்ணாத. கோடு இரவல் குடுக்க முடியாது, அதான் அத உன்ன வாங்கச் சொல்றேன். 'கம்பேஷன்' சிடி என்கிட்ட இருக்கு, தரேன். போன தீபாவளிக்கு எடுத்துட்டுப் போன ரெண்டு சிடிய மொதல்ல கொண்டாந்து குடு.