ஒரே எனான்டியோமர் வேண்டுமா? ஆக்ஸிலரி, புரோலின், என்சைம்: என் ஓட்டு யாருக்கு

சில மூலக்கூறுகள் இடது கை, வலது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும், ஒவ்வொன்றும் ஒரு எனான்டியோமர். ஒரே எனான்டியோமராக ஒரு பொருளைச் செய்து கொடு என்றால் எங்கள் லேப்பில் பாதிப் பேர் முதலில் புரோலின் என்ற அமினோ அமில வினையூக்கி டப்பாவைத்தான் தேடுவார்கள். நான் எவன்ஸ் ஆக்ஸிலரியை, அதாவது வினைக்காக ஒட்டிவைத்துப் பிறகு கழற்றிவிடும் துணைத் துண்டை எடுத்தேன், மறுபடி கேட்டாலும் அதையே எடுப்பேன்.

அடிப்படை தொடக்கக் கல்லூரியில் படித்ததுதான். வினையில் எங்குமே கைரல் தன்மை, அதாவது இடது வலது பேதம் இல்லையென்றால் இடதும் வலதும் சரிபாதி வரும், ஏனென்றால் இரண்டு டிரான்சிஷன் ஸ்டேட்டுகளும் (வினை தாண்ட வேண்டிய ஆற்றல் மேடுகளும்) கண்ணாடிப் பிம்பங்கள், ஆற்றலில் இம்மி வித்தியாசம் கிடையாது. நைட்ரைல் கையுறை எந்தக் கைக்கும் ஏறும், தோல் கையுறை ஒரு கைக்குத்தான் ஏறும். அந்தத் தோல் கையுறையை வினைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் போட்டியே. பெரிய வித்தியாசம்கூட வேண்டாம்: மோலுக்கு 1.36 கிலோகலோரி இருந்தால் 25 டிகிரியில் வேண்டியதும் வேண்டாததும் 10-க்கு 1, அதுவே மைனஸ் 78 டிகிரியில் 30-க்கு 1-ஐத் தாண்டிவிடும். டிரை ஐஸும் அசிட்டோனுமாக நாங்கள் அல்லாடுவது இதற்குத்தான்.

என்சைமை ஆலை அளவில் அடித்துக்கொள்ள ஆளில்லை. சிடாகிளிப்டின் என்ற நீரிழிவு மருந்துக்கு மெர்க்கும் கோடெக்ஸிஸும் ரோடியம் வினையூக்கிக்குப் பதிலாகத் திருத்தி வடிவமைத்த டிரான்ஸ்அமினேஸ் என்ற என்சைமைப் போட்டு, 99.95 சதவீதத்துக்கு மேல் எனான்டியோமர் மிகை (வேண்டியதன் சதவீதத்தில் வேண்டாததைக் கழித்தது) கண்டதாக 2010இல் வெளியிட்டார்கள். ஆனால் அப்படித் திருத்த ஒரு குழுவே வேண்டும். நான் கடையில் வாங்கிய லிப்பேஸ் என்சைமைத் தாண்டியதில்லை, அதனால் இதில் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புரோலின் மலிவு, உலோகம் கிடையாது, அறை வெப்பத்திலேயே ஓடும், சிங்கப்பூரின் ஈரக்காற்றையும் பொருட்படுத்தாது. கீட்டோனோடு சேர்ந்து ஈனமின் என்ற இடைநிலைப் பொருளாகி, தன் அமிலத் தொகுதியால் ஆல்டிஹைடைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பும். வேதியியலாளர் பெஞ்சமின் லிஸ்ட் குழுவின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் அசிட்டோனோடு ஐசோபியூட்டிரால்டிஹைடுக்கு 96 சதவீத மிகை, நைட்ரோபென்சால்டிஹைடுக்கோ 76தான். 76 என்றால் 88 வேண்டியது, 12 வேண்டாதது. அந்த 12-ஐ என்ன செய்வது? பொருள்களைப் பிரிக்கும் சாதாரண சிலிக்கா தூள் பிரிக்காது, மூலக்கூறு அமைப்பைக் காட்டும் சாதாரண என்எம்ஆர் காட்டவே காட்டாது. இடது வலதைப் பிரிக்கும் கைரல் ஹெச்பிஎல்சி கருவி முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். படிகமாக்கினால் சில நேரம் தூய்மை ஏறும், பொருள் எண்ணெயாக இருந்தால் அந்த வழியும் இல்லை.

ஆக்ஸிலரி எனக்குப் பிடித்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். வாலின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வந்த ஆக்ஸசோலிடினோனை (இதுதான் ஆக்ஸிலரி) நம் அமிலத்தோடு ஒட்டி எல்டிஏ என்ற வலுவான லித்தியம் காரத்தை விட்டால், லித்தியம் இரண்டு ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்து மூலக்கூறைத் திரும்பவிடாமல் பூட்டுகிறது. ஐசோபுரோப்பைல் ஒரு முகத்தை அடைத்துக்கொண்டு நிற்க, பென்சைல் புரோமைடு பெரும்பாலும் மறுபக்கமாகத்தான் வர முடியும். தப்பி வரும் கொஞ்சமும் டயாஸ்டீரியோமர்தான் (கண்ணாடிப் பிம்பமாக இல்லாத மாற்று வடிவம்), எனான்டியோமர் அல்ல. அதனால் வழக்கமான என்எம்ஆரிலேயே தனி உச்சியாகத் தெரியும், சிலிக்கா பூசிய டிஎல்சி தகட்டில் பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள். சிலிக்காவில் இறக்கிச் சின்னதை ஒதுக்கிவிட்டு, அப்புறம் லித்தியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டு ஆக்ஸிலரியைக் கழற்றினால் கையில் கிட்டத்தட்ட ஒரே எனான்டியோமர். வினை 90-க்கு 10 என்று சொதப்பினாலும் அடி விழுவது விளைச்சலில், தூய்மையில் இல்லை.

சும்மா வருவதில்லைதான். ஒட்ட ஒரு படி, கழற்ற ஒரு படி, மோலுக்கு மோல் ஆக்ஸிலரி. மீட்டெடுக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு மதியம் போகும். எல்டிஏவுக்கு நம்மூர் ஈரப்பதம் பரம எதிரி, குளிர்ந்த ஃப்ளாஸ்க்கை ஆர்கான் இல்லாமல் திறந்தால் உள்சுவரில் உடனே பனி படியும். நான் பேசுவது கிராம் கணக்கு. இங்கே துவாஸ் தொழிற்பேட்டை ஆலைகளில் கிலோக் கணக்கில் செய்பவர்களுக்குக் கூட்டல் கழித்தல் வேறு.

உங்கள் வினை கிளைத்த ஆல்டிஹைடோடு அசிட்டோனைச் சேர்க்கும் ஆல்டால் வினைதான் என்றால் ஒரு சின்னக் குப்பியில் புரோலினைப் போட்டு ராத்திரி கலக்கவிடுங்கள், செலவே இல்லை. காலையில் மிகை 90-க்குக் கீழே நின்றால், அதைத் தேற்றப் போராடாமல் ஆக்ஸிலரிக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.