பீட் பெல்லட்: பிகேசி மூட்டைக்குப் பக்கத்தில் இதற்கு இடம் உண்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாட்டுத் தீனிக்கடையில் பிகேசி (செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு) மூட்டைகளை ஒட்டி அடுக்கியிருக்கும் சாம்பல் நிற பெல்லட், சீனி எடுத்த வெள்ளை பீட் கிழங்கின் சக்கை. கிழங்கைச் சீவி, ஏறக்குறைய 70 டிகிரி சூட்டு நீரில் சீனியை இறக்கி, மிச்சத்தைப் பிழிந்து காயவைத்து அழுத்தியிருக்கிறார்கள். குளிர் தேசத்துப் பயிர், கப்பலில் வரும் சரக்கு. விலையும் அதற்கேற்றபடிதான்.

பிகேசிக்குப் பதிலாக இதை வாங்கினால் காசு நஷ்டம். புரதம் 8 முதல் 10 விழுக்காடுதான். பிகேசியில் அது சாதாரணமாக 14க்கு மேல். ஆனால் இரண்டையும் கலந்தால் கதை வேறு. பிகேசியில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. பீட் சக்கையில் நேர்மாறு. தீபாவளிக்கு வளர்க்கும் கிடாவுக்கு மூத்திரக் கல் அடைப்பதில் அந்தப் பாஸ்பரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. செம்மறிக்கோ பிகேசியின் செம்பு ஈரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென ஆட்டைச் சாய்த்துவிடும். பீட்டில் செம்பு குறைவு.

கறவை மாட்டுக்கும் நல்லது. சோளம் கூடினால் வயிறு புளிக்கும். பீட்டின் நார் அப்படிச் செய்யாது, பாலின் கொழுப்பையும் காக்கும். நேப்பியர் புல்லோடு, ஊறவைக்குமுன் உள்ள எடையில் தினம் அரை கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 2 கிலோவுக்கு ஏற்றலாம். ஆட்டுக்கு 200 கிராம் போதும்.

ஊறவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர்; வாளியில் பாதிக்குமேல் காலியாக இருக்கட்டும், அவ்வளவு ஊதிப் பெருக்கும். இரவு ஊற்றினால் காலைப் பால் கறக்கும்போது தயார். ஒரு பெல்லட்டைக் கட்டைவிரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி தட்டுப்பட்டால் இன்னும் ஊறவில்லை. அவசரமாக விழுங்கும் மாட்டுக்கு அதுவே தொண்டையில் அடைக்கும். மிஞ்சியதை மாலைக்கு வைக்காதீர்கள், நம் சூட்டில் புளித்துவிடும். பழைய சக்கை ஒட்டிய வாளியில் ஊறவைத்தால் புதியதும் சீக்கிரம் கெடும்.

கடையில் வாய் பிரித்த மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். மழைக்காலத்தில் அதை வாங்கவே வேண்டாம். ஈரம் இழுத்து உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். கருகிய கறுப்பு நிறமும் வேண்டாம், காயவைக்கும்போது சூடு மிஞ்சிய சரக்கு அது. மொலாசஸ் (சீனி ஆலைப் பாகு) சேர்த்ததா என்றும் கேளுங்கள்: சேர்த்தது சீக்கிரம் புளிக்கும், எறும்பும் மொய்க்கும். சேர்க்காத மூட்டையை முழுதாக வாங்கி, தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றுங்கள்.