ஜார்ஜ் டவுனில் ஒரு பகல்: சுற்றுலாப் பேருந்தா, தனி வேனா, நடையா, ட்ரைஷாவா?

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, விவரம் சொல்ல ஓர் ஆள் கூட வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. இருபது முப்பது பேரோடு சேர்ந்து போகும் சுற்றுலாப் பேருந்து; குடும்பத்துக்கென்று அமர்த்தும் வேனும் அதில் ஒரு வழிகாட்டியும்; ஜார்ஜ் டவுன் என்ற பழைய நகரத்தின் தெருக்களில் வழிகாட்டியோடு நடப்பது; ட்ரைஷா என்ற மிதிவண்டி ரிக்‌ஷா. விளம்பரத்தில் நான்குக்கும் ஒரே கோயில், ஒரே மசூதி, ஒரே நீல மாளிகைப் படம்தான். உள்ளே போனால் கிடைப்பது ஒன்றல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்பகலில் நடை, பிற்பகலில் வாகனம். காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது.

பினாங்கில் பார்க்க வேண்டியவை இரண்டு கொத்தாகக் கிடக்கின்றன. ஒரு கொத்து, 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பழைய ஜார்ஜ் டவுன். மற்றது ஊருக்கு வெளியே சிதறிக் கிடப்பது: ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி பௌத்தக் கோயில், அதற்குப் பக்கத்தில் பினாங்கு மலை, புலாவ் டிக்குஸில் சயாமியரின் சயனபுத்தர், எதிரே பர்மியக் கோயில், தண்ணீர்மலை முருகன். இரண்டாவது கொத்துக்கு வண்டி வேண்டும். முதல் கொத்துக்கு வண்டியே இடைஞ்சல்.

பிட் தெரு என்று பழையவர்கள் சொல்லும் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 1818-ல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் ஊதுபத்திப் புகை சூழ்ந்த, சீனரின் கருணைத் தேவி குவான் யின் கோயில். அடுத்து மகா மாரியம்மன் கோயிலின் முதுகுப்புறம். 1833-ல் எழுந்த இந்தக் கோயில்தான் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில்; கோபுரத்தைப் பார்க்கச் சுற்றிக்கொண்டு குயின் தெருவுக்குப் போக வேண்டும். இன்னும் சில நிமிடம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அங்கிருந்து கேனன் தெரு வழியாகப் போனால் கூ என்ற சீனக் குலத்தாரின் மண்டபமான கூ கொங்சி, அதைத் தாண்டி 1808-ல் எழுந்த ஆச்சே தெருப் பள்ளிவாசல். இத்தனையும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள்.

பேருந்தில் வருபவர்களுக்கு இந்த ஒரு கிலோமீட்டர்தான் கைநழுவிப் போகிறது. பழைய தெருக்கள் குறுகல், பல ஒருவழிப் பாதை. பெரிய வண்டி ஓர் ஓரத்தில் நின்று ஆட்களை இறக்கிவிடும். கொடியைப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓடி, கூ கொங்சியைப் பார்த்து, ஆர்மீனியத் தெருவில் சைக்கிள் ஓவியத்தோடு படம் எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எர்னெஸ்ட் சகாரெவிச் 2012-ல் வரைந்த அந்த ஓவியம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே தெருவின் 120-ஆம் எண் வீடுதான் 1910-ல் சீனத் தலைவர் சன் யாட்-சென்னின் புரட்சி இயக்கத்துக்குத் தளமாக இருந்தது. சைக்கிளுக்காக வரிசையில் நிற்கும் கூட்டம் அந்த வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

பேருந்துக்கு நியாயமும் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் தனியாளுக்கு அதுதான் மலிவு. கெக் லோக் சிக்கும் மலைக்கும் யோசனை இல்லாமல் கொண்டுபோய் விடும். 1890-களில் கட்டத் தொடங்கிய கெக் லோக் சி அவசியம் பார்க்க வேண்டியது. முப்பது மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலையை அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பது தனி அனுபவம். மலை ரயில் மட்டும் பேருந்துக்காரர்களுக்குச் சூதாட்டம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வரிசை நீண்டுவிட்டால், ஒதுக்கிய நேரம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். இன்னொன்றையும் பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: நடுவில் எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள்? காப்பித்தூள், சாக்லேட், சாதிக்காய்த் தைலம் என்று அரைமணி அரைமணியாகப் போனால், பகலில் பெரும்பங்கு கடை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

தனி வேன் இதற்கு நேர் எதிர். வாடகை வண்டிக்கு, தலைக்கு அல்ல. ஐந்தாறு பேர் பங்கிட்டால் கையைக் கடிக்காது. கிளம்பும் நேரம் நம் இஷ்டம், கடை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முட்டிவலி உள்ள பெற்றோரோடும் கைக்குழந்தையோடும் வருபவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது இதைத்தான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வேன் ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு அரசு உரிமம் வேண்டும், அதற்கான அட்டையை அணிந்திருக்க வேண்டும். "டிரைவரே எல்லாம் சொல்லுவார்" என்று வரும் சலுகை விலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது, இது கோயில், அது மசூதி என்று கைநீட்டிக் காட்டும் சேவைதான்.

நடையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்த ஊரின் கதை நின்று கேட்க வேண்டிய கதை. 1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு தெரு முழுக்க நிறைந்துவிட்டார்கள். அவர்களைக் குறிக்கும் சொல்லாலேயே அதன் பெயர் இன்றும் சூலியா தெருதான். அவர்களுக்குத் தலைவராக, அதாவது கப்பித்தான் கெலிங்காக, இருந்த காதர் முகைதீன் பெயரோடு சேர்ந்தது 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதே சூலியா தெரு, கிங் தெருவைச் சந்திக்கும் மூலையில், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஒரு சின்ன தர்கா நிற்கிறது. வண்டியில் போனால் கண்ணில் படவே படாது. ஒட்டினாற்போல் நிற்கும் கடைகளைத் தாண்டி, நாகூரின் பெயரை இந்தக் கரையில் காண்பது தமிழ் வாசகருக்குச் சும்மா கடந்துபோகக்கூடிய விஷயமா?

நல்ல வழிகாட்டியை இனம் காண எனக்கு ஓர் உரைகல் உண்டு. 1867 கலவரத்தைப் பற்றிக் கேளுங்கள். "இங்கே எல்லா இனமும் ஒற்றுமையாக வாழ்கிறது" என்று மட்டும் சொல்லி நகர்பவர் மனப்பாடம் ஒப்பிக்கிறவர். விவரம் தெரிந்தவர் உங்களைக் கேனன் தெருவில் நிறுத்தி வைத்துச் சொல்வார்: அந்த ஆகஸ்டில் கீ ஹின், துவா பெக் கொங் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் மோதிக்கொண்டன. வெள்ளைக்கொடி, செங்கொடி என்று இரண்டு முஸ்லிம் அமைப்புகள் பக்கத்துக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. சீனர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம் என்று ஊர் பிரியவில்லை. இரண்டு பக்கத்திலும் இரு சாராரும் இருந்தார்கள். தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்போது பாய்ந்த பீரங்கிக் குண்டுகளால்தான் என்பது ஊரார் வழக்கு. இதைக் கேட்ட பிறகு கூ கொங்சியின் முற்றத்துக்குள் நுழைந்தால், அதைச் சுற்றிக் குலத்தாரின் வீடுகள் ஏன் கோட்டை போல வளைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கொங்சியின் முந்தைய கட்டடம் 1901-ல் எரிந்துபோனது. அத்தனை ஆடம்பரத்தைத் தெய்வம் பொறுக்கவில்லை என்று நம்பிய குலத்தார் 1906-ல் அடக்கமாகக் கட்டியதுதான் இன்று நாம் வாய் பிளந்து பார்ப்பது.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கதையையும் நடக்கும்போதுதான் கேட்க முடியும். 2000 தொடக்கத்தில் அது விலக்கப்பட்டதும், தலைமுறையாகக் கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த பல குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. இன்று காப்பிக்கடையும் தங்கும் விடுதியுமாக மின்னும் வீடுகளில் முன்பு யார் இருந்தார்கள் என்று தெரியாமல் இந்தத் தெருக்களைப் பார்ப்பது பாதிப் பார்வைதான்.

நடையின் கஷ்டம் வெயில். பத்தரை மணிக்கெல்லாம் சட்டை நனைந்துவிடும். ஐந்தடி என்று சொல்லும் கடை முகப்பு நடைபாதைகள் நிழல் தருகின்றன, ஆனால் பல இடங்களில் மேடு பள்ளம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தள்ள முடியாது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம், பிற்பகலில் பிடித்துக்கொண்டால் திட்டம் பாழ். ஆகவே எட்டரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்துவிடுங்கள். மாரியம்மன் கோயில் நடையை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதாலும் இதுதான் சரியான நேரம். பள்ளிவாசலில் தொழுகை இல்லாத வேளையில் மற்றவர்களை அனுமதிப்பார்கள், மேலங்கியும் தருவார்கள். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.

ட்ரைஷா பற்றிச் சுருக்கமாகப் போதும். பினாங்கில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். அதனால் தெரு முழுவதும் கண்முன் விரியும், குறுகிய சந்திலும் நுழையும். ஆனால் அது ஒரு மணி நேரச் சவாரி, ஒரு நாள் சுற்றுலா ஆகாது. ஓட்டுநர்களில் பலர் வயதானவர்கள். ஏறுமுன் வாடகையைப் பேசி முடித்துவிட்டு, அதற்குமேல் பேரம் பேசி இழுக்காமல் கொடுப்பது மரியாதை. நடக்க முடியாத பெரியவரை ட்ரைஷாவில் ஏற்றி, மற்றவர்கள் வழிகாட்டியோடு நடந்து, ஒவ்வோர் இடத்திலும் சந்தித்துக்கொள்வது நல்ல உபாயம்.

சாப்பாட்டிலும் வித்தியாசம் உண்டு. பேருந்துக் குழுவுக்குப் பெரிய கூடத்தில் ஏற்கனவே சொல்லிவைத்த சாப்பாடு. நடப்பவர்களுக்கு மதியம் கால்கள் நிற்கும் இடம் லிட்டில் இந்தியாவோ சூலியா தெருவோதான். துறைமுகத் தொழிலாளர்களுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல் தோளில் சுமந்து விற்ற நாசி கண்டார் சோற்றை, அது பிறந்த ஊரிலேயே குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிடலாம். சைவக்காரர்களுக்கு வாழை இலைச் சாப்பாடு இரண்டு தெரு தள்ளி.

அதன்பின் வண்டி. அரைநாளுக்கு வேனோ கிராப் செயலியில் அழைக்கும் காரோ போதும், வழிகாட்டி தேவையில்லை. சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸேயின் வீடாக இருந்த நீல மாளிகைக்குள் போக விரும்பினால் அங்கேயே வழிகாட்டியோடு சுற்றிக்காட்டுகிறார்கள். கெக் லோக் சியையும் மலையையும் பார்க்கப் பிற்பகல் சரியாக இருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் 204-ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பேருந்தில் மலை ரயில் நிலையம் வரை போகலாம். எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்காதீர்கள். சயனபுத்தரையும் மலையையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் மனதில் நிற்காது. எனக்கு ஒன்றைத்தான் விட வேண்டும் என்றால் மலையை விடுவேன்.

வழிகாட்டியை அமர்த்தும்போது தமிழில் பேசுபவர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பினாங்கில் இருக்கிறார்கள். கூடவே, நாகூர் தர்காவும் குயின் தெருக் கோயிலும் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். பொதுவான சுற்றுகளில் தமிழர் பகுதி பல சமயம் பூமாலைக் கடையோடும் சேலைக் கடையோடும் முடிந்துவிடுகிறது. பினாங்குத் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், அவர்களுடைய கோவில் வீடு, காரைக்குடியிலிருந்து வந்த வெள்ளி ரதம் எல்லாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

உங்கள் பயணம் தைப்பூசத்தை ஒட்டி வந்தால் மட்டும் இந்த ஒப்பீடு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். முதல் நாள் அதிகாலையில் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைச் சாலை செட்டியார் கோயிலுக்குப் புறப்படும். வழியெல்லாம் குவித்த தேங்காய்களைத் தமிழரோடு சீனரும் நின்று உடைப்பார்கள். சாலைகளை அடைத்துவிடுவதால் பேருந்தும் வேனும் அந்தப் பக்கம் நெருங்க முடியாது. அன்றைக்கு ரதத்தின் பின்னால் நடப்பதுதான் சுற்றுலா.