400 ரூபாய் ரியல்டெக்கா, விலை கூடின மீடியாடெக்கா? வைஃபை டாங்கிள் டிரைவர்கள் ஓர் ஒப்பீடு

வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியில் வைஃபை அட்டை ஒருநாள் செத்துப்போனது. திறந்து மாற்றலாம்தான். ஆனால் மூடியின் கீல் ஏற்கெனவே தளர்ந்து ஆடிக்கொண்டிருந்ததால் கைவைக்கத் துணிவு வரவில்லை. யூஎஸ்பி துளையில் செருகும் குட்டி வைஃபை கருவியான டாங்கிள் ஒன்றைப் போட்டுக்கொள்வோம், ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிடம் எந்த டாங்கிள், எந்த இயங்குதளம் என்பதைப் பொறுத்தது என்று பிறகுதான் புரிந்தது. இரண்டு டாங்கிள், விண்டோஸ், லினக்ஸ் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் போட்டியாளர்கள். ஒன்று, விரல் நகம் அளவுள்ள சின்ன டாங்கிள். விலை 400 ரூபாய்ச் சொச்சம். பெட்டியில் நிறுவனத்தின் பெயரே கிடையாது, 'ஏசி 600' என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே இருந்தது ரியல்டெக்கின் ஆர்டிஎல் 8811 சியூ சிப். இதே சிப் புளூடூத்தும் சேர்ந்து வந்தால் 8821 சியூ. இன்னொன்று, இரண்டு ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும் 'ஏசி 1200' வகை. உள்ளே மீடியாடெக்கின் எம்டி 7612 யூ. விலை முதலாவதைப் போலப் பல மடங்கு.

இந்த 600, 1200 கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 150 மெகாபிட் வேகம், 5 கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி மேலே இழுத்துவிட்டால் 600. ஆனால் டாங்கிள் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். அதாவது அந்த 600 எப்போதும் வரப்போவதில்லை. 1200-ம் அப்படித்தான்: 300, 867. பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து ஒப்பிடுவது வீண் வேலை.

விண்டோஸில்

இங்கே மலிவு டாங்கிள்தான் முந்தியது. ரியல்டெக் சிப் போட்ட இந்தச் சின்ன டாங்கிள்களில் பலவற்றுக்கு ஒரு தந்திரம் உண்டு. செருகியதும் தன்னை வைஃபை என்று காட்டிக்கொள்ளாது, சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும். அந்தப் பொய் சிடிக்குள் டிரைவர், அதாவது கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள், இருக்கும். அதைத் திறந்து நிறுவினால் சிடி மறைந்து வைஃபை தலைகாட்டும். இணையமே இல்லாத கணினியில் இணையத்துக்கான டிரைவரை நிறுவுவது எப்படி என்ற பழைய சிக்கலுக்கு இது நல்ல விடை.

மற்ற டாங்கிள்களில் விண்டோஸ் தன் கையிருப்பில் டிரைவர் வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 28' என்ற அறிவிப்பும்தான். டிரைவர் நிறுவப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். பெட்டியோடு குட்டி சிடி ஒன்று தருகிறார்கள். அதைப் போட எந்த மடிக்கணினியில் இப்போது இடம் இருக்கிறது? வேறு வழியில் இணையம் கொடுத்து விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பெரும்பாலும் அதுவே டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

'கோட் 10' வேறு கதை. டிரைவர் இருக்கிறது, ஆனால் கருவியைக் கிளப்ப முடியவில்லை. முதலில் வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். அப்புறம் டிரைவரை நீக்குங்கள். நீக்கும்போது 'இந்தக் கருவியின் டிரைவர் மென்பொருளையும் அழி' என்ற கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். அதை டிக் செய்யாமல் நீக்கினால் விண்டோஸ் அதே பழைய டிரைவரைத் திரும்ப எடுத்து ஒட்டிவிடும். ஊரெல்லாம் சுற்றி வீட்டு வாசலில் வந்து நின்ற கதைதான். நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை என்றால் டிரைவர் தாவலில் 'ரோல் பேக்' பொத்தானைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தால் அருகிலேயே உள்ள பவர் மேனேஜ்மென்ட் தாவலுக்குப் போய், மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். வைஃபை வருகிறதோ இல்லையோ, வேண்டாத நான்கு மென்பொருள் கட்டாயம் வந்துசேரும்.

லினக்ஸில்

இங்கே ஆட்டம் தலைகீழ். மீடியாடெக் டாங்கிளைச் செருகினேன், வைஃபை பட்டியல் வந்தது. எழுத வேறொன்றும் இல்லை. இந்தச் சிப்பின் டிரைவர் 2018-இல் வெளிவந்த 4.19 கர்னலிலிருந்தே (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, எண் அதன் பதிப்பு) லினக்ஸின் உள்ளே இருக்கிறது. அதன் தம்பி எம்டி 7610 யூவும் அப்படித்தான். வைஃபை 6 வேண்டும் என்பவர்களுக்கான எம்டி 7921 ஏயூ 2022-இன் 5.18 கர்னலில் சேர்ந்தது. டிரைவர் உள்ளே இருந்தாலும் சிப்புக்கு ஊட்ட வேண்டிய ஃபர்ம்வேர் (சிப்பின் உள்ளேயே ஓடும் நிரல்) கோப்பு தனியாக வேண்டும். உபுண்டு, மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டிலும் அது கூடவே வருகிறது. டெபியனில் 11 வரை அதைத் தேடிப்போய் நிறுவ வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள்.

ரியல்டெக் பக்கம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. விண்டோஸில் வரமாக இருந்த அந்தப் பொய் சிடி இங்கே முதல் முட்டுக்கட்டை. டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்யூஎஸ்பி' என்று அடித்தால் செருகியிருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். அதில் உங்கள் டாங்கிளின் வரியில் 'டிரைவர் சிடிராம் மோடு' என்று இருந்தால் அது இன்னும் சிடி வேடத்தைக் கலைக்கவில்லை. கோப்பு மேலாளரில் தெரியும் அந்தச் சிடியை 'இஜெக்ட்' செய்தாலே பல நேரம் வேடம் கலைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கையால் செய்ய அலுப்பாக இருந்தால் 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சின்ன நிரல் அதைத் தானாகச் செய்யும்.

வேடம் கலைந்த பிறகு வரும் கேள்வி, உங்கள் கர்னல் எது என்பது. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கர்னலில் இந்தச் சிப்புக்கான டிரைவர் உள்ளேயே சேர்ந்துவிட்டது. உபுண்டு 24.04, மின்ட் 22 இரண்டும் 6.8 கர்னலோடு வந்தவை, ஆகவே அங்கே தனி டிரைவர் தேவையில்லை. கொஞ்சம் பழைய 8811 ஏயூ, 8812 ஏயூ சிப்புகள் 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்களிடம் உள்ளது பழைய கர்னல் என்றால், தன்னார்வலர்கள் பராமரிக்கும் மூல நிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவ வேண்டும். இதற்கு டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு உண்டு. கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் டிரைவரையும் அதற்கேற்ப மறுபடி தொகுத்துக்கொடுக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கர்னலின் உள்ளமைப்பு அவ்வப்போது மாறும். மாறும்போது பழைய மூல நிரல் தொகுபடாது. காலையில் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் வைஃபையே இருக்காது. பதறி இயங்குதளத்தையே அழித்து நிறுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் முந்தைய கர்னல் அங்கேயே இருக்கும். அதில் நுழைந்தால் வைஃபை திரும்பிவிடும். அந்த இணைப்பிலேயே புதிய மூல நிரலை இறக்கி மறுபடி தொகுத்துக்கொள்ளலாம்.

அடுத்த கண்ணி செக்யூர் பூட், அதாவது கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. அது இயக்கத்தில் இருந்தால், கையொப்பம் இல்லாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. டிரைவர் நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வரும். அங்கே 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத்திரை என்றாலே ஏதோ விபரீதம் என்று நினைத்துப் பலர் எண்டரைத் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். பிழையே காட்டாமல் நிறுவிய டிரைவர் வேலை செய்யாமல் கிடந்தால் பல நேரம் இதுதான் காரணமாக இருக்கும்.

இன்னொன்று. பழைய கர்னலில் டிகேஎம்எஸ் டிரைவரை நிறுவியவர் பிறகு 6.2-க்கு மேல் போனால் ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர் ஆகிவிடும். ஒரு உறையில் இரண்டு கத்தி. ஒன்றை நீக்குங்கள் அல்லது பிளாக்லிஸ்ட் கோப்பில் போட்டு முடக்குங்கள். எதை நீக்குவது என்று கேட்டால், டிகேஎம்எஸ்ஸை என்பேன். அடுத்த கர்னலில் மறுபடி உடையக்கூடியது அதுதான்.

ஒரு காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பி டிரைவரை அப்படியே லினக்ஸுக்குள் ஓடவைக்கும் 'என்டிஐஎஸ்ராப்பர்' என்ற வித்தை இருந்தது. இன்னும் சில பழைய வழிகாட்டிகள் அதைச் சொல்கின்றன. அதன் காலம் முடிந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

போட்டிக்கு வெளியே இருந்து வந்த இருவர்

ஒன்று, ஆதெரோஸின் ஏஆர் 9271. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 150 வேகம் மட்டும். ஆனால் லினக்ஸில் டிரைவர் மட்டுமல்ல, ஃபர்ம்வேரும் திறந்த மூலம். வேகம் வேண்டாம், தொல்லை இல்லாமல் இருந்தால் போதும் என்பவருக்கு இன்றும் நல்ல சிப். வாங்குவதில்தான் வினை. டிபி-லிங்க்கின் 722 என் என்ற பிரபலமான மாடலின் முதல் பதிப்பில் இந்தச் சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக்கின் 8188 இயூஎஸ். மாடல் பெயர் மாறவில்லை. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பை வாங்கி ஏமாந்தவர்கள் அநேகம்.

மற்றது, உங்கள் ஆண்ட்ராய்டு போன். போனை வீட்டு வைஃபையில் இணைத்து, கேபிளால் கணினியில் செருகி, 'யூஎஸ்பி டெதரிங்'கை இயக்கினால் போனே வைஃபை டாங்கிள் ஆகிவிடும். வைஃபையில் இருக்கும்வரை மொபைல் டேட்டா கரையாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் டிரைவர் எதுவும் நிறுவாமலே வேலை செய்யும். லினக்ஸ் இதைக் கம்பி இணைப்பாகக் காட்டும், குழம்ப வேண்டாம். ஐபோனில் இந்த வசதி மொபைல் டேட்டாவை மட்டும்தான் பகிரும். நிரந்தர ஏற்பாடாக இது சரிவராது, போன் சூடாகும், அழைப்பு வந்தால் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவும் முடியாது. ஆனால் மேலே சொன்ன அத்தனை டிரைவர்களையும் இறக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

டிரைவர் மேல் பழிபோடும் முன்

டிரைவர் சரியாக இருந்தும் இணைப்பு நொண்டினால் சில இடங்களைப் பார்க்கலாம். யூஎஸ்பி 3.0 துளையும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் சின்ன டாங்கிள் திணறும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும். என் வீட்டில் எந்த டிரைவர் மாற்றமும் தராத முன்னேற்றத்தை அந்தக் கேபிள் தந்தது.

ரூட்டரின் பெயர் போனில் தெரிகிறது, கணினியில் தெரியவில்லையா? 150 வேக டாங்கிள்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது. 2.4-தான் என்றாலும் ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம். கணினியின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் அந்தச் சேனல்கள் கண்ணில் படாமல் போகலாம். ரூட்டரில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள்.

சரி, எது? விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துபவர் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமே இல்லை, ரியல்டெக் போதும். அறை தள்ளி ரூட்டர் இருந்தால் மட்டும் ஆன்டெனா உள்ள டாங்கிளாகப் பாருங்கள், நக அளவு டாங்கிள் சுவரைத் தாண்டத் திணறும். லினக்ஸ்காரர், அதுவும் பெற்றோர் வீட்டில் ஒரு கணினியை வைத்துவிட்டு வெளியூரில் இருப்பவர், மீடியாடெக்குக்குக் கொடுக்கும் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். தொலைபேசியில் அம்மாவுக்கு கிரப் பட்டியலை விளக்கிப் பார்த்தால் அந்த விலை ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கர்னல் 6.8 அல்லது அதற்கு மேல் உள்ள புதிய லினக்ஸ் வைத்திருப்பவருக்கு முன்பிருந்த அளவு வித்தியாசம் இல்லை, ரியல்டெக் வாங்கிப் பார்க்கலாம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் சிப் எது என்று கேட்டால் 'எல்லாத்துலயும் ஓடும் சார்' என்பார். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் செருகி எல்எஸ்யூஎஸ்பி அடித்துப் பாருங்கள். அடையாள எண் 0பிடிஏ என்று தொடங்கினால் ரியல்டெக், 0இ8டி என்றால் மீடியாடெக். 2357 என்று வந்தால் அது டிபி-லிங்க்கின் எண், சிப் எது என்று அடுத்த நான்கு இலக்கத்தை வைத்துத் தேட வேண்டும்.