ஏசி சர்வீஸ்: வருடம் ஒருமுறையா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா?

வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் இரவு மட்டும் ஓடும் ஏசிக்கு பிப்ரவரியில் ஒரு சர்வீஸ் போதும். ஃபில்டரை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாமே கழுவிவிட வேண்டும்.

சி.எம்.சி. மருத்துவமனை அருகே உள்ள காந்தி ரோடு லாட்ஜ்கள் அப்படியில்லை. சிகிச்சைக்கு வந்தவர்கள் தங்கும் அறைகளில் ஏசி பகலிலும் ஓயாது. சாலைப் புழுதி வெளி யூனிட்டின் காயிலில் படிந்தால் சூடு வெளியேறாது. கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் ஏறும். உள்ளே தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப் அடைத்தால் சுவரில் தண்ணீர் வழியும், பூஞ்சை வாடை வரும். நோயாளி தூங்கும் அறையில் இதை விடவே கூடாது. அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதுதான் என் கணக்கு.

அப்புறம், ஏசியைக் குளிர வைக்கும் கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது; முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள்.