படிகாரமா, அன்னபேதியா: இலைப்பதிவில் எதை நம்பலாம்?

போன மாதம் ஒரு பட்டுத் துண்டை அலச எடுத்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ரோஜா இலையும் ஆமணக்கு இலையும் வைத்துச் சுருட்டி, இறுக்கிக் கட்டி, ஆவியில் வேகவைத்து நானே பதித்தது. அன்று கட்டைப் பிரித்தபோது ஒவ்வொரு நரம்பும் கறுப்புக் கோடாக விழுந்திருந்ததைப் பார்த்துப் பூரித்துப் போனேன். இப்போது தண்ணீரிலிருந்து தூக்கியதும் அதே கோடுகளை ஒட்டி மூன்று இடத்தில் கிழிந்து வந்தது. வெறுமையாக விட்ட இடங்களில் பட்டு இன்னும் உறுதியாகவே இருக்கிறது. இலை படிந்த இடம்தான் போய்விட்டது. அந்தத் துண்டுக்கு நான் தாராளமாகப் போட்டிருந்தது அன்னபேதி.

இலையின் சாயத்தை நூலோடு பிணைத்து வைக்கும் உப்பை நிறமூன்றி என்கிறோம். இலைப்பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் கையில் எடுக்கிறார்கள்: படிகாரம் முதலான அலுமினிய உப்புகள், அல்லது அன்னபேதி என்ற இரும்பு உப்பு. குரோமிய உப்பு கொடிய நஞ்சு, அந்தப் பக்கமே போக வேண்டாம். படிகாரமும் அன்னபேதியும் எளிதில் கிடைப்பவை. இரண்டுக்குமே கையுறை வேண்டும், சமையலுக்குத் திரும்பப் போகாத தனிப் பாத்திரம் வேண்டும்.

முதலில் அன்னபேதிக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இலையில் உள்ள துவர்ப்பு, அதாவது டானின் என்ற பொருள், இரும்பைத் தொட்டவுடன் கருஞ்சாம்பல் நிறமாகிறது. அதனால் விளிம்பும் நரம்பும் துல்லியமாக விழும். முன்வேலை குறைவு: அன்னபேதிக் கரைசலில் நனைத்த ஒரு துணியை மேலே போர்த்திச் சுருட்டினாலே போதும். வெயிலில் நிறம் மங்குவதும் பொதுவாக இரும்பில் குறைவு. காகிதத்திலும் அப்படித்தான். கனமான பருத்திக் கூழ்க் காகிதத்தை மடித்து, இடையில் இலை வைத்து, இரண்டு ஓடுகளுக்கு நடுவே இறுக்கிக் கொதிக்கவிட்டால் முதல் முயற்சியிலேயே படம் வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் இரும்பில் மயங்குவதில் ஆச்சரியம் இல்லை. நானும் மயங்கியவன்தான்.

படிகாரத்தின் பலம் நிறம். செண்டுமல்லியின் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும், மஞ்சிட்டி வேரின் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். இதே சாயங்கள் இரும்போடு சேர்ந்தால் மஞ்சள் பாசி நிறமாகும், சிவப்பு மங்கிய ஊதாவாகும். எல்லா இலையும் கடைசியில் ஒரே சாம்பல் குடும்பத்தில் வந்து நிற்கும். ஆனால் படிகாரத்தில் விளிம்பு கொஞ்சம் மென்மையாகத்தான் வரும். சில இலைகள் வெளிர் மஞ்சளைத் தாண்டி வரவே வராது.

முன்வேலையும் கூடுதல். பட்டுக்கும் கம்பளிக்கும் சிக்கல் இல்லை, துணி எடையில் 10 முதல் 15 சதவீதம் படிகாரம் போட்டு ஊறவைத்தால் பிடித்துக்கொள்ளும். பருத்தியில் படிகாரம் தானாக ஒட்டாது. முதலில் கடுக்காய்க் கஷாயத்தில் ஊறவைத்து, அப்புறம் சலவை சோடா கலந்த படிகாரத்தில் போடுவது ஒரு வழி. எடையில் 5 முதல் 8 சதவீதம் அலுமினியம் அசிடேட்டில் நனைத்து, நன்றாகக் காயவிட்டு, கோதுமைத் தவிட்டு நீரிலோ கால்சியம் கார்பனேட் கலந்த நீரிலோ ஒருமுறை முக்கி எடுப்பது இன்னொரு வழி. 200 கிராம் துணி என்றால் 10 கிராம் அசிடேட்டில் தொடங்கலாம். நான் இரண்டாவது வழிக்கு மாறிவிட்டேன். கடுக்காய் துணி முழுக்க ஒரு பழுப்பு மஞ்சளைப் பூசிவிடும். துவர்ப்பேறிய அந்தத் துணியில் துளி இரும்பு தெறித்தாலும் அந்த இடம் கறுத்துவிடும்.

சரி, அழகும் வேலைப் பளுவும் ஆளுக்கு ஆள் மாறும். நான் முடிவெடுத்தது பத்து வருடம் கழித்து அந்தப் பொருள் என்ன ஆகும் என்ற கேள்வியை வைத்துத்தான்.

அன்னபேதியும் துவர்ப்பும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மை. ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் எழுதப் பயன்பட்ட மை இந்த இரண்டையும் கலந்து செய்ததுதான், மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும். அந்த மை தன் காகிதத்தையே தின்றது. பாக் என்ற இசைமேதை தன் கையால் எழுதிய இசைத் தாள்களில் பல, மை அரித்து ஓட்டை விழுந்த நிலைக்கு வந்தன. பிணையாமல் தங்கிவிட்ட இரும்பு, காற்றும் ஈரமும் பட, காகித இழையின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் சிதைவதை வேகப்படுத்துகிறது. அன்னபேதியிலிருந்து வரும் கந்தக அமிலம் இன்னொரு பக்கம் இழையை அறுக்கிறது. துணிக்கும் இதே கதைதான். பழைய சித்திரத் துணிகளிலும் திரைச்சீலைகளிலும் மற்ற நிறங்கள் நிலைத்திருக்க, இரும்பால் வந்த கறுப்பும் கரும்பழுப்பும் இருந்த இடங்கள் உதிர்ந்து போயிருப்பதைக் காணலாம். கட்டைப் பிரிக்கும்போது நாம் ரசிக்கும் அந்தக் கறுப்புக் கோடு, வேதியியலில் அந்த மையின் உடன்பிறப்பு.

படிகாரத்தில் பதித்ததும் மாறாமல் இருக்காது, மங்கும். எது எவ்வளவு மங்கும் என்பது சாயத்தைப் பொறுத்தது. மஞ்சிட்டி நன்றாகத் தாங்கும், வெங்காயத் தோல் ஓரளவு தாங்கும், மஞ்சள் கிழங்கு வெயிலில் மிக விரைவில் போய்விடும். ஆனால் மங்கிய துணியை மறுபடி நனைத்து, மறுபடி இலை வைத்து, இன்னொரு பதிவு எடுக்கலாம். இரண்டு பருத்தித் துணிகளில் நான் அப்படிச் செய்திருக்கிறேன். பழைய வெளிர் இலை அடியிலும் புதிய இலை மேலுமாக, முதலில் இருந்ததைவிட ஆழமாக வந்தது. நூலே அறுந்துவிட்டால் எந்தச் சாயமும் அதை ஒட்டவைக்காது. பராமரிப்பு என்று பார்த்தால் எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

இதில் நான் மிகைப்படுத்திவிடக் கூடாத இடங்களும் உண்டு. என் பட்டு கிழிந்ததற்கு இரும்பு மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அப்போது அளவு பார்க்காமல் கண்ணளவாகப் போட்டேன், சரியாக அலசவும் இல்லை, துண்டும் வெகுநாள் வெயில் விழும் இடத்தில் தொங்கியது. எடையில் 1 அல்லது 2 சதவீதத்தோடு நிறுத்தி நன்றாக அலசுபவருக்கு இவ்வளவு சீக்கிரம் இது நடக்காமல் இருக்கலாம். கம்பளியில் நான் இரண்டே முறைதான் பதித்திருக்கிறேன், அதை வைத்து எதுவும் சொல்வது சரியில்லை.

காகிதத்தில் படிகாரமும் முழுக்க நல்ல பிள்ளை இல்லை. அதுவும் அமிலம் விடும். படிகாரமும் மரப்பிசினும் சேர்த்துத் தயாரித்த பழைய புத்தகத் தாள்கள் பழுத்து நொறுங்குவதற்கு அந்த அமிலம் ஒரு முக்கியக் காரணம். அதனால் காகிதத்துக்கும் நான் அசிடேட்டைத்தான் எடுக்கிறேன். பதித்து முடிந்தபின் கால்சியம் கார்பனேட் கலந்த நீரில் ஒருமுறை மெதுவாக அலசிக் காயவைக்கிறேன். கையேடு தைக்கும் தாள்களில் இரும்பை அறவே விட்டுவிட்டேன், ஏனென்றால் அங்கே ஒரு தாளின் இரும்பு அடுத்த தாளையும் தொட்டுக்கொண்டே இருக்கும்.

துணியில் இரும்பை முழுசாகத் துறக்க மனம் வரவில்லை. ஆமணக்கு இலையின் நரம்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது போர்த்தும் துணியை அன்னபேதியில் நனைப்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கரைத்து, அதில் இலையை மட்டும் சில நிமிடம் போட்டு, இரு பக்கமும் ஒற்றி எடுத்து, அசிடேட் ஏற்றிய பருத்தியின் மேல் வைக்கிறேன். மொத்த இரும்பு மிகக் குறைவு, கோடு மட்டும் வருகிறது. பழைய கறுப்பு இல்லை, பென்சிலால் வரைந்த மாதிரி ஒரு சாம்பல். அதற்குக் கண் பழக எனக்குச் சில வாரம் பிடித்தது.

அப்படி எடுத்த முதல் துணியிலிருந்து ஒரு கீற்றை வெட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒட்டி ஆறு வாரம் ஆகிறது. நேற்று அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். செண்டுமல்லி மஞ்சள் ஒரு படி இறங்கியிருக்கிறது, மஞ்சிட்டிச் சிவப்பில் வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி மூடி ஒட்டிவிட்டேன்.