லிங்பியா, தாய்ஹுவா, யிங்கா: மேசைக்கு எந்தக் கல்?

சீன அறிஞர்கள் படிப்பறையில் வைத்து ரசித்த கற்களில் இந்த மூன்றுக்கும்தான் பேர் அதிகம். நான்காவதாகச் சொல்லப்படும் குன்ஷான் வெள்ளைக் கல் கிடைப்பதே அரிது, விட்டுவிடலாம்.

மெலிவு, மேற்பரப்பில் சுருக்கம், நீர் ஓடும் வழி, ஊடே ஒளி புகும் துளை: கல்லை மதிப்பிட இந்த நான்கையும் சொல்வார்கள். கல்லை 'அண்ணா' என்று அழைத்து வணங்கியதாகக் கதையுள்ள சுங் அரசவம்சக் காலத்து ஓவியர் மி ஃபூவின் (1051–1107) பெயரில் வழங்கும் அளவுகோல் இது. துளையை மட்டும் பார்த்தால் தாய்ஹு எளிதாக ஜெயித்துவிடும். சூசோ நகர் அருகே தாய்ஹு ஏரித் தண்ணீர் அரித்துச் செய்த கல் அது. ஆனால் அதன் அழகு ஆளுயரத்துக்கு மேல்தான் தெரிகிறது. சூசோவின் லியூயுவான் தோட்டத்தில் நிற்கும் குவான்யுன்ஃபெங் என்ற தாய்ஹு கல் சுமார் 6.5 மீட்டர் உயரம். மேசைக்கு வரும் குட்டித் தாய்ஹுவின் துளைகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். செதுக்கிய கல்லை மறுபடி ஏரியில் போட்டு, உளித்தடம் மறைந்த பின் எடுப்பார்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் து வான் என்பவர் எழுதிய கல் நூலிலேயே இருக்கிறது!

அந்த நூல் 116 வகைக் கற்களைச் சொல்கிறது. முதலிடம் லிங்பிக்கு. அன்ஹுய் மாகாணத்தில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுக்கும் கல். விரலால் சுண்டினால் உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும். அந்தக் காலத்தில் இசைக்கருவியே செய்தார்கள். வாங்குபவருக்கு இந்த ஒலி பெரிய உதவி, விரிசலோ பசை ஒட்டோ இருந்தால் சத்தம் மங்கிவிடும். நான்கு பக்கமும் அழகான லிங்பி பல நூறு கற்களில் ஒன்றிரண்டுகூடத் தேறாது என்கிறார் து வான். அப்படி ஒன்று வந்தால் விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

யிங், குவாங்டோங்கின் யிங்டே பகுதிக் கல். துளை குறைவு, கூர்முகடும் சுருக்கமும் கால்சைட் என்ற கனிமத்தின் வெள்ளைக் கோடுகளும்தான் அதன் பலம். சின்னதாக இருந்தாலும் மலைத்தொடர்போலவே தெரியும். மீன்தொட்டிக் கடைகளில் 'செய்ரியு' என்று விற்பது பெரும்பாலும் இதுதான், அதனால் கைக்கெட்டும் விலை. முதல் கல் வாங்குபவருக்கு என் ஓட்டு யிங்குக்கே. முகப்புப் பக்கத்தை முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற மரப்பீடம் செய்தால் போதும். கை பழகி, காசும் சேர்ந்த அப்புறம் லிங்பி.

எதை வாங்கினாலும் எலுமிச்சை, வினிகர், கழிவறை அமிலம் எதுவும் படக்கூடாது. மூன்றும் சுண்ணாம்புக்கல், மேற்பரப்பு அரித்துப் போகும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.